செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் டி480 பாத்து வாங்கி பக்காவா ரெடி பண்றது எப்படி

தங்கச்சி காலேஜ் சேந்தப்ப லேப்டாப் வேணும்னா, வீட்ல ஒதுக்குன காசு இருபத்தஞ்சாயிரம். அந்த காசுக்கு புதுசா என்ன கிடைக்குதுன்னு ரெண்டு ஷோரூம் ஏறி இறங்கி பாத்தோம், எல்லாம் மெல்லிசா பளபளன்னு இருக்கு, ஆனா கீபோர்டு நடுவுல ஒரு விரல வெச்சு அழுத்துனா மொத்த பாடியும் பள்ளமாகுது, ரேம் போர்டோட சால்டர் பண்ணிட்டான், பேட்டரி போச்சுன்னா சர்வீஸ் சென்டர்ல விட்டுட்டு ஒரு வாரம் காத்திருக்கணும். நான் அவளுக்கு கடைசில வாங்குனது 2018-ல வந்த லெனோவோ திங்க்பேட் டி480, செகண்ட் ஹேண்ட், 16,500 ரூபா, அதுக்கு மேல ஒரு ஏழாயிரம் செலவு பண்ணி நானே கழட்டி மாட்டி ரெடி பண்ணேன். இப்ப மூணாவது வருஷம் ஓடுது. அதுக்கப்புறம் ஃப்ரெண்ட்ஸ், சித்தப்பா பையன், ஆபிஸ்ல ஒருத்தர்னு நாலஞ்சு பேருக்கு இதே மாடல் பாத்து குடுத்துட்டேன், ஒவ்வொரு தடவையும் போன்ல அரை மணி நேரம் சொல்றத இங்க மொத்தமா எழுதிடுறேன்.

முதல்ல ஏன் இந்த மாடல்னு சொல்லிடுறேன், ஏன்னா கடையில போய் நின்னா "இதவிட லேட்டஸ்ட் இருக்கு சார்"னு வேற ஒண்ண தள்ளிவிட பாப்பாங்க. டி480-க்கு முந்தி வந்த டி470 வெளிய பாக்க அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும், ஆனா உள்ள இன்டெல் ஏழாவது ஜெனரேஷன், ஐ5-ன்னாலும் ரெண்டே கோர். டி480-ல எட்டாவது ஜெனரேஷன் ஐ5, ஐ7 போட்டதுன்னா நாலு கோர், எட்டு த்ரெட். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமா ஏத்துக்குற இன்டெல் சிப்ல இந்த எட்டாவதுதான் ஆரம்பம், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, அதனால டி470 ரெண்டாயிரம் கம்மியா கிடைச்சாலும் விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ்ங்கிற இலவச சிஸ்டம் மட்டும்தான் போடுவேன்னு முடிவு பண்ணவங்களுக்குத்தான் அது. அடுத்து வந்த டி490-க்கு போனா மெல்லிசாக்குறேன்னு ஒரு ரேம் போர்டுலயே ஒட்டிட்டாங்க, ஒரு ஸ்லாட்தான் மிச்சம், பின்னாடி கழட்டி மாட்டுற பேட்டரியும் போச்சு. டி480எஸ்-னு எஸ் போட்டு ஒண்ணு வரும், அதுவும் அதே கதைதான், எடை கம்மி, ஆனா ஒரு ரேம் ஒட்டினது, வெளி பேட்டரி கிடையாது. ஆக, ரெண்டு ரேம் ஸ்லாட், உள்ள ஒரு பேட்டரி வெளிய ஒரு பேட்டரி, நாலு கோர், டைப் சி சார்ஜிங், இது நாலும் ஒண்ணா கூடி வந்த 14 இன்ச் டி சீரீஸ் இது ஒண்ணுதான்.

இந்த கறுப்பு பெட்டி மேல எனக்கு ஆசை வந்தது அதோட கதை தெரிஞ்ச பிறகுதான். 1992 அக்டோபர்ல ஐபிஎம் முதல் திங்க்பேட் 700சி-ய விட்டப்ப மத்த கம்பெனி லேப்டாப் எல்லாம் சாம்பல் கலர்லயும் சந்தன கலர்லயும் இருந்துச்சு. டிசைன் பண்ணவர் ரிச்சர்ட் சாப்பர், ஜெர்மன்காரர், இத்தாலில மிலான்ல இருந்து வேலை பாத்தவர். அவர் மனசுல இருந்தது ஜப்பான்காரங்க சாப்பாடு வெக்கிற கறுப்பு அரக்கு பூசுன பென்டோ டப்பா. மூடியிருக்கும்போது வெளிய ஒண்ணும் தெரியாது, வெறும் கறுப்பு சதுரம், மூடிய திறந்தாத்தான் உள்ள இருக்குறது கண்ணுல படும். மூடின ஒரு திங்க்பேட கையில எடுத்து பாருங்க, அது அப்படியே இன்னிக்கும் இருக்கு. எஞ்சினியரிங் வேலை நடந்தது ஜப்பான்ல யமாட்டோ லேப்ல, அரிமாசா நைட்டோ தலைமையில.

கீபோர்டு நடுவுல ஜி, எச், பி மூணு எழுத்துக்கும் மத்தியில ஒரு செவப்பு பொட்டு இருக்குல்ல, ட்ராக்பாயின்ட், அது டெட் செல்கர்ங்கிற ஆராய்ச்சியாளரோட வேலை. டைப் பண்ற கை மவுஸுக்கு போறதுக்கு முக்கால் செகண்ட், திரும்பி வர கிட்டத்தட்ட அதே அளவு நேரம் வீணாகுதுன்னு பாத்துட்டு, கை நகராமலே கர்சர நகத்த வழி தேடினார். ஐபிஎம்-ல செவப்பு கலர் எமர்ஜென்சி ஸ்விட்ச்சுக்கு மட்டும்தான்னு ஒரு விதி இருந்துச்சாம், டிசைன் ஆளுங்க அந்த கலருக்கு மெஜந்தான்னு பேர் வெச்சு தாண்டிட்டாங்க. 2005-ல ஐபிஎம் பிசி பிசினஸ் மொத்தமும் லெனோவோ கைக்கு போச்சு, அப்பவும் அந்த பொட்ட எடுக்கல. பழைய ஏழு வரிசை கீபோர்டு மட்டும் வழக்கமான மாடல்ல 2011-ல வந்த எக்ஸ்220, டி420-ஓட நின்னு போச்சு, அதுல ஒரு தடவ டைப் பண்ணவங்களுக்கு அந்த வருத்தம் இன்னும் தீரல, எனக்கும்தான்.

சரி, கடைக்கு வருவோம். சென்னைன்னா ரிச்சி தெரு, பெங்களூருன்னா எஸ்.பி. ரோடு, டெல்லின்னா நேரு பிளேஸ். இங்க வர்ற திங்க்பேட் பெரும்பாலும் ஐடி கம்பெனிங்க மூணு நாலு வருஷம் ஓட்டிட்டு லாட்டா கழிச்சு விட்டது. அதனால ஒரே லாட்ல இருபது முப்பது டி480 கிடக்கும், எடுத்து வெச்ச ஒண்ண வாங்காதீங்க, மூணு நாலு எடுத்து போட சொல்லி பாருங்க. காலையில போங்க, சாயங்காலம் கூட்டத்துல நின்னு நிதானமா பாக்க விடமாட்டாங்க. கையில ஒரு டைப் சி சார்ஜர், ஒரு பென்டிரைவ், ஹெட்போன் கொண்டு போங்க.

ஆன் பண்ணும்போதே எஃப்1 பட்டன தட்டிக்கிட்டே இருந்தா பயாஸ் உள்ள போகும், அதாவது விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடியே வர்ற மெஷினோட அடிப்படை செட்டிங்ஸ். முதல் வேலை இதுதான், ஸ்க்ரீன் ஸ்கிராட்ச் எல்லாம் அப்புறம். எனக்குன்னு வாங்குன முதல் டி480-ல நான் இத பாக்காம விட்டேன். விண்டோஸ் நல்லா ஓடுச்சு, கீபோர்டு நல்லா இருந்துச்சு, காச குடுத்து வீட்டுக்கு கொண்டு வந்து எஃப்1 தட்டுனா சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேக்குது. பழைய கம்பெனியோட ஐடி ஆளு வெச்ச பாஸ்வேர்டு, அது யாருக்கு தெரியும். மத்த கம்ப்யூட்டர்ல மாதிரி உள்ள இருக்குற காசு சைஸ் பேட்டரிய கழட்டி மாட்டுனா போயிரும்னு நினைக்காதீங்க, திங்க்பேட்ல போகாது, முறைப்படி பாத்தா மதர்போர்டையே மாத்தணும். மறுநாள் திரும்பி போனா கடைக்காரர் "விண்டோஸ் ஓடுதுல்ல சார், பயாஸ் உங்களுக்கு எதுக்கு"ன்னு கேட்டார். பூட் ஆர்டர் மாத்த முடியாது, உள்ள பேட்டரிய டிஸேபிள் பண்ண முடியாது, அப்புறம் எப்படி தைரியமா கழட்டறது? வேற மெஷின் வாங்க மேல ஆயிரத்தைநூறு குடுக்க வேண்டியதா போச்சு. அதனால எஃப்1 தட்டி பாஸ்வேர்டு கேக்காம உள்ள போச்சான்னு பாருங்க. உள்ள போனதும் செக்யூரிட்டி மெனுவுல கம்ப்யூட்ரேஸ்னு ஒரு வரி இருக்கும், அது ஆக்டிவேட் ஆகியிருந்தா அந்த மெஷின் வேணாம், பழைய ஓனர் தூரத்துல இருந்தே பூட்ட முடியும். மெயின் பக்கத்துல தெரியுற சீரியல் நம்பரும் அடியில ஸ்டிக்கர்ல இருக்குற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. மெஷின் டைப் 20எல்5 அல்லது 20எல்6-ன்னு ஆரம்பிச்சா டி480. 20எச்டி, 20எச்இ-ன்னு இருந்தா டி470-ய டி480-ன்னு சொல்லி விக்குறாங்க.

அடுத்து ஸ்க்ரீன். மூணு விதமா வரும். 1366க்கு 768 டிஎன் பேனல் இருந்தா, தலைய கொஞ்சம் சாய்ச்சாலே கலர் மாறி வெளுத்து போகும், கண்ணுக்கு கஷ்டம். 1920க்கு 1080 ஐபிஎஸ், அதாவது எந்த பக்கத்துல இருந்து பாத்தாலும் கலர் மாறாத பேனல், இருக்குறதா பாத்து எடுங்க. 2560க்கு 1440 எப்பவாவது ஒண்ணு கண்ணுல படும், கிடைச்சா விடாதீங்க. வெறும் வெள்ளை பக்கத்த திறந்து வெச்சு பாருங்க, நடுவுல ட்ராக்பாயின்ட் அழுந்தி விழுந்த புள்ளி தெரியுதா, ஓரத்துல மேகம் மாதிரி திட்டு இருக்கான்னு. மூடிய ஒரு கையால புடிச்சு லேசா ஆட்டுங்க, ஹின்ஜ் தளர்ந்திருந்தா மூடி தானா பின்னாடி சாயும். நல்ல ஹின்ஜ்னா நீங்க விட்ட இடத்துலயே நிக்கும், 180 டிகிரி மேசையில படுக்க வெக்கிற வரைக்கும்.

டைப் சி போர்ட் ரெண்டு இருக்கும், ரெண்டுலயும் சார்ஜர மாட்டி லேசா அசைச்சு பாருங்க. இது டி480-ஓட பலவீனமான இடம், மறைக்காம சொல்லிடுறேன். போர்ட் ரெண்டும் மதர்போர்டுலயே சால்டர் பண்ணது, ஆபிஸ்ல சார்ஜரோட இழுத்து இழுத்து பின் ஆடிப்போயிருக்கும். அசைக்கும்போது சார்ஜ் விட்டு விட்டு வந்தா அடுத்த பீஸ் எடுக்க சொல்லுங்க, விலை குறைக்குறேன்னாலும் வேணாம்.

கீபோர்டுக்கு நோட்பேட திறந்து ஒவ்வொரு பட்டனா அடிச்சு பாருங்க, எஃப் வரிசை உட்பட. ட்ராக்பாயின்ட்ல இருந்து விரல எடுத்த பிறகு கர்சர் ஒரு செகண்ட் தானா நகந்து நின்னா பயப்பட வேணாம், அது தன்னையே சரி பண்ணிக்குது. நிக்காம ஓரமா ஓடிக்கிட்டே இருந்தா கீபோர்டு மாத்த வேண்டி வரும், அந்த காச விலையில கழிச்சுக்குங்க. உள்ளங்கை வெக்கிற இடம் ரொம்ப புதுசா, ரப்பர் மாதிரி பிசுபிசுன்னு இருந்தா பெயின்ட் அடிச்சிருக்காங்க. தேஞ்சு பளபளன்னு ஆன ஒரிஜினல் கறுப்பு எவ்வளவோ மேல்.

பேட்டரி பாக்க கமாண்ட் பிராம்ப்ட திறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் பேட்டரிரிப்போர்ட் (ஸ்பெல்லிங் கூகுள்ல பாத்துக்குங்க) அடிச்சா ஒரு ஃபைல் வரும். அதுல ரெண்டு பேட்டரிக்கும் தனித்தனியா டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி இருக்கும். உள்ள இருக்குறது 24 வாட் ஹவர், அதாவது 24,000 சுமாருக்கு டிசைன் காட்டும், ஃபுல் சார்ஜ் 18,000-க்கு மேல இருந்தா நல்லது, 12,000-க்கு கீழ போயிருந்தா அத மாத்துற செலவ சேத்து பேரம் பேசுங்க. டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குதுன்னா உள்ள பேட்டரி ஊதிருக்கலாம், அத தொடாதீங்க. தனி கிராஃபிக்ஸ் எம்எக்ஸ்150 போட்டதுன்னு பெருமையா ஒண்ண காட்டுவாங்க, நம்ம ஊரு வெயிலுக்கும் காலேஜ் வேலைக்கும் அது வேணாம், சூடும் ஃபேன் சத்தமும்தான் மிச்சம்.

வீட்டுக்கு கொண்டு வந்த அன்னிக்கு ராத்திரி உடனே கழட்ட ஆரம்பிக்காதீங்க, ஆசையா இருக்கும், தெரியும். முதல்ல லெனோவோ சப்போர்ட் பக்கத்துல இருந்து பயாஸ் அப்டேட், அதவிட முக்கியமா தண்டர்போல்ட் (வேகமான டைப் சி போர்ட்) சிப்புக்குள்ள இருக்குற சாஃப்ட்வேரான ஃபர்ம்வேருக்கு அப்டேட், ரெண்டையும் போடுங்க. இந்த காலத்து திங்க்பேட்ல தண்டர்போல்ட் சிப்போட பழைய ஃபர்ம்வேர்ல ஒரு கோளாறு, சின்ன மெமரி ஒண்ணுல எழுதி எழுதியே அத நிரப்பி ஒருநாள் அந்த போர்ட்ட செத்துப்போக வெச்சிரும், டைப் சி சார்ஜிங்கும் தகராறு பண்ணும். லெனோவோவே அவசர அப்டேட்னு அறிவிச்சு வெளியிட்டாங்க. ஆபிஸ்ல இருந்து கழிச்சு விட்ட மெஷின்ல இத யாரும் போட்டிருக்க மாட்டாங்க, அதனால நீங்கதான் போடணும். லினக்ஸ் போடுறவங்க விண்டோஸ அழிக்குறதுக்கு முன்னாடியே இத முடிச்சிருங்க, அது சுலபம்.

அப்படியே பயாஸ்ல ஒரு வேலை. திங்க்பேட்ல இடது கீழ் மூலையில எஃப்என் பட்டன் இருக்கும், கன்ட்ரோல் அதுக்கு அடுத்து. வேற லேப்டாப்ல பழகுனவங்களுக்கு காப்பி பேஸ்ட் பண்றப்ப எல்லாம் விரல் தப்பா போகும். கான்ஃபிக்ல கீபோர்டு மவுஸ் பக்கத்துல ரெண்டையும் இடம் மாத்துற ஆப்ஷன் இருக்கு. இந்த மாதிரி ஒரு சின்ன விஷயத்துக்கு கூட மெஷினோட அடிமட்டத்துல ஒரு ஸ்விட்ச் வெச்சிருக்கான் பாருங்க, எனக்கு அது ரொம்ப புடிக்கும்.

இப்ப கழட்டலாம். லெனோவோ இந்த மாடலுக்கு ஹார்டுவேர் மெயின்டனன்ஸ் மேனுவல்னு ஒரு பிடிஎஃப்ப இலவசமா வெச்சிருக்கு, எந்த ஸ்க்ரூ எந்த வரிசையில கழட்டணும்னு படத்தோட போட்டிருக்கும், அத போன்ல திறந்து பக்கத்துல வெச்சுக்குங்க. சார்ஜர எடுத்துட்டு, பயாஸ் போய் கான்ஃபிக், பவர், டிஸேபிள் பில்ட் இன் பேட்டரி. அழுத்துனதும் மெஷின் அணைஞ்சிரும், திரும்ப சார்ஜர் மாட்டுற வரைக்கும் உள்ள பேட்டரியில இருந்து கரண்ட் வராது. அப்புறம் மெஷின கவுத்து போட்டு ரெண்டு லாட்ச்சையும் தள்ளி வெளி பேட்டரிய உருவுங்க. அடி கவர்ல இருக்குற ஸ்க்ரூ எல்லாத்தையும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால தளர்த்துங்க. ஸ்க்ரூ தளர்ந்து மேல எழும்பி நிக்கும், ஆனா கவர விட்டு வெளிய வராது. கட்டிலுக்கு அடியில ஸ்க்ரூ தேடுற வேலையே இல்ல. அப்புறம் பேட்டரி இருந்த இடத்துல இருந்து கிடார் பிக் மாதிரி மெல்லிசான பிளாஸ்டிக்க விட்டு ஓரமா தள்ளிக்கிட்டே வந்தா டக் டக்னு கிளிப் விடும். இரும்பு ஸ்க்ரூடிரைவர விட்டு நெம்பாதீங்க, ஓரம் பிஞ்சிரும்.

கவர் வந்துச்சுன்னா உள்ள எல்லாம் கண்ணுக்கு நேரா இருக்கும். நடுவுல ரேம் ரெண்டு ஸ்லாட், ஒரு ஓரத்துல வைஃபை கார்டு, கீழ டிரைவ் தட்டு, மேல ஃபேன். ஒட்டு பசை போட்டு எதையும் பூட்டி வெக்கல. என் தங்கச்சிய பக்கத்துல உக்கார வெச்சுத்தான் கழட்டினேன், ரேம அவளே மாட்டினா. ரெண்டு பக்க கிளிப்பும் டக்னு புடிச்சப்ப "அண்ணா, அவ்ளோதானா?"ன்னு கேட்டா. அவ்ளோதான். பெரும்பாலும் 8 ஜிபி ஒண்ணு மட்டும் போட்டு விப்பாங்க, இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 லேப்டாப் ரேம் வாங்கி ரெண்டாவது ஸ்லாட்ல மாட்டுங்க. ரெண்டு ஸ்லாட்டும் நிறைஞ்சா கிராஃபிக்ஸும் கொஞ்சம் வேகமாகும், ஏன்னா இதுல கிராஃபிக்ஸ் தனி மெமரி இல்லாம ரேமத்தான் பங்கு போட்டுக்குது. 16 போதும், வர்ச்சுவல் மெஷின் ஓட்டுறவங்க மட்டும் 32 போங்க, 64 வரைக்கும் கூட எடுக்குது.

டிரைவ் தட்டுல சாதா 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி இருந்தா அதுவே காலேஜ் வேலைக்கு தாராளம். சாட்டாவ விட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி போடணும்னா அதுக்குன்னு ஒரு அடாப்டர் தட்டும் தனி கேபிளும் வேணும், டி480 அடாப்டர்னு கேட்டா ரிச்சி தெருவுலயே கிடைக்கும். அந்த இடத்துல பிசிஐஇ ரெண்டு லேன்தான் ஓடும், அதனால விலை கூடுன வேகமான என்விஎம்இ வாங்கி காச வீணாக்காதீங்க, சாதாரணமானதே போதும். சிம் கார்டு மோடத்துக்குன்னு இருக்குற ஸ்லாட்லயும் 2242-ங்கிற குட்டி சைஸ் எஸ்எஸ்டி போகும், விண்டோஸ் ஒண்ணுல லினக்ஸ் ஒண்ணுலன்னு வெக்க நினைக்குறவங்களுக்கு அது அருமையான இடம்.

சிப்போட சூட்ட இழுக்குற ஹீட்சிங்க்க கழட்டி, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தெர்மல் பேஸ்ட் மாத்துறத தள்ளிப்போடாதீங்க. 2018 மெஷின்ல பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பு மாதிரி ஆயிருக்கும். ஹீட்சிங்க் மேல ஸ்க்ரூ பக்கத்துலயே 1, 2, 3-ன்னு நம்பர் அச்சடிச்சிருப்பான், மாட்டும்போது அந்த வரிசையில கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும், ஒரு பக்கமா முறுக்குனா சிப் மேல சரியா உக்காராது. ஃபேனோட குட்டி ஒயர மெதுவா கழட்டுங்க. பழைய பேஸ்ட ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சிட்டு ஒரு பச்சைப்பயறு அளவு புது பேஸ்ட் வைங்க. ஃபேன் இறக்கைய விரலால புடிச்சுக்கிட்டு தூசிய ஊதுங்க, இல்லைன்னா ஃபேன் சுத்தி பேரிங் கெடும். தங்கச்சி மெஷின்ல இருந்து தூசி பஞ்சு மாதிரி ஒரு உருண்டையா வந்துச்சு, அதுக்கப்புறம் யூட்யூப் ஓடும்போது ஃபேன் சத்தமே கேக்கல.

பேட்டரிதான் இந்த மெஷினோட அழகுக்கு அழகு. வெளி பேட்டரி மூணு அளவுல வரும், 24, 48, 72 வாட் ஹவர். 24 பாடியோட சமமா உக்காரும். பெருசு ரெண்டும் அடியில கொஞ்சம் புடைச்சு நிக்கும், அதனால பின்பக்கம் தூக்கி கீபோர்டு டைப் பண்ண வாகா சாய்ஞ்சிரும், காத்தும் நல்லா போகும், எனக்கு அந்த புடைப்பே புடிச்சிருக்கு. மெஷின் முதல்ல வெளி பேட்டரிய காலி பண்ணும், அது தீந்தா உள்ள இருக்குறதுக்கு மாறும். அந்த நேரத்துல மெஷின அணைக்காமலே வெளி பேட்டரிய உருவி இன்னொன்ன மாட்டலாம். தங்கச்சி ஊருக்கு வர்றப்ப ரயில்ல ப்ராஜெக்ட் எழுதிக்கிட்டே வருவா, சார்ஜிங் பாயின்ட்டுக்கு சண்டை போடாம மடியிலயே வெச்சு லாட்ச்ச தள்ளி பேட்டரி மாத்திக்குவா, பக்கத்துல உக்காந்திருந்தவர் பயந்துட்டாராம், "ஆஃப் ஆயிரும்மா"ன்னு. ஆகாது. பேட்டரி வாங்கும்போது மட்டும் பேர் தெரியாத மலிவு சரக்க வாங்காதீங்க, மூணு மாசத்துல படுத்துரும், ஊதுற ஆபத்தும் உண்டு. எடைய பாருங்க, ரொம்ப லேசா இருந்தா உள்ள செல் தரமில்ல.

வீட்லயே மாட்டி வெச்சு ஓட்டுறவங்க சார்ஜ் லிமிட் கட்டாயம் போடுங்க. விண்டோஸ்ல லெனோவோ வான்டேஜ் ஆப்ல பேட்டரி சார்ஜ் த்ரெஷோல்டு இருக்கு, 75-க்கு கீழ போனா ஏறணும், 80-ல நிக்கணும்னு வைங்க. லினக்ஸ்ல டிஎல்பி-ங்கிற புரோகிராம் இதையே செய்யும். எப்பவும் 100 சதவீதத்துலயே கிடந்து, கூடவே சூடும் சேந்தா லித்தியம் செல் சீக்கிரம் கெழடு தட்டிரும், நம்ம ஊர்ல மே மாசத்துல மாடி ரூம்ல என்ன சூடுன்னு சொல்ல வேண்டியதில்ல. சார்ஜருக்கு தனியா அலைய வேணாம், 65 வாட் டைப் சி பிடி (பவர் டெலிவரி) சார்ஜர் எதுவும் போதும், அதே சார்ஜர்ல போனும் ஏறும்.

மங்கலான டிஎன் ஸ்க்ரீன் போட்ட மெஷின் ரொம்ப மலிவா கிடைச்சா ஸ்க்ரீன மாத்திக்கலாம், கஷ்டம் இல்ல. 14 இன்ச், 1920க்கு 1080, ஐபிஎஸ், 30 பின் கனெக்டர், இந்த நாலும் பொருந்தணும். 1440 பேனல் ஆசைப்பட்டா அதுக்கு 40 பின், கேபிளையும் சேத்து மாத்தணும். பழைய பேனல கழட்டி பின்னாடி இருக்குற மாடல் நம்பர போட்டோ எடுத்துட்டு போய் அதே மாதிரி மாட்டுற அமைப்பு இருக்குறதா கேளுங்க, 400 நிட்ஸ் வெளிச்சம் இருக்குறது கிடைச்சா கொஞ்சம் கூட குடுத்தாலும் வாங்குங்க, ஜன்னல் பக்கம் உக்காந்தா வித்தியாசம் தெரியும்.

கீபோர்டு தேஞ்சிருந்தா அதையும் மாத்தலாம், வாங்கும்போது பேக்லைட் இருக்குறதா கேட்டு வாங்குங்க. இதுக்கு அடியில தண்ணி வடியுறதுக்கு வழி இருக்கு. தங்கச்சி ஒருநாள் அரை டம்ளர் காபிய கொட்டிட்டா, எனக்கு போன் பண்ணி அழுகை. அணைச்சிட்டு பேட்டரிய உருவு, சாய்க்காம அப்படியே நேரா துணி மேல வெய்யின்னேன், காபி கீபோர்டுல இருந்து ஓட்டை வழியா அடியில இறங்கிருச்சு, மதர்போர்டு தப்பிச்சுது. ரெண்டு நாள் காய வெச்சு சர்க்கரை ஒட்டுன கீபோர்ட மட்டும் புதுசு போட்டோம். உங்களுக்கும் நடந்தா கவுத்து போடாதீங்க, தண்ணி ஸ்க்ரீனுக்கும் போர்டுக்கும் போயிரும், வடியுற வழி அடிப்பக்கம்தான் இருக்கு.

கடைசியா அந்த செவப்பு பொட்டு. பழைய மெஷின்ல தொப்பி தேஞ்சு வழுக்கும், அழுக்கேறி கறுத்திருக்கும். பத்து தொப்பி கொண்ட பாக்கெட் கொஞ்ச காசுதான், ஆனா மாடலுக்கு மாடல் உயரம் வேற, டி480-க்குன்னே கேட்டு வாங்குங்க, உயரமானத போட்டு மூடுனா ஸ்க்ரீன்ல தடம் விழும். சொரசொரப்பா ஒண்ணு, குழி விழுந்த மாதிரி ஒண்ணு, மேடா ஒண்ணுன்னு மூணு விதம் வரும், எனக்கு குழி விழுந்ததுதான் விரலுக்கு இதமா இருக்கு. பழகுறதுக்கு ஒரு வாரம் டச்பேட ஆஃப் பண்ணி வைங்க. தொப்பிய விரலால நகத்த பாக்காதீங்க, அது நகராது, போக வேண்டிய பக்கம் லேசா அழுத்துனா போதும், அழுத்தம் கூடுனா கர்சர் வேகம் கூடும். நடு பட்டன புடிச்சுக்கிட்டு பொட்ட மேல கீழ அழுத்துனா பக்கம் ஸ்க்ரோல் ஆகும். முதல் ரெண்டு நாள் கர்சர் எங்கயோ ஓடும், செட்டிங்ஸ்ல வேகத்த குறைச்சு வெச்சு பழகுங்க. தமிழ்ல நிறைய எழுதுறவங்க கூடவே தமிழ்99-ங்கிற தமிழ் கீபோர்டு லேஅவுட்டும் போட்டுக்குங்க, விண்டோஸ்லயே இருக்கு, லினக்ஸ்லயும் இருக்கு. அதுல உயிர் எழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு, ரெண்டு கையும் மாறி மாறி ஓடும், எழுதிட்டு இருக்கும்போது ஒரு வரிய செலக்ட் பண்ணணும்னா ஆள்காட்டி விரல் பக்கத்துலயே பொட்டு இருக்கு, கை கீபோர்ட விட்டு எழும்பாது. இத மொத்தமும் அப்படித்தான் டைப் பண்ணேன்.